என் பெயரில் நாற்பது தறி

என் பெயரை இன்னொருவன் எடுத்துக்கொண்டு ஏழு மாதம் தொழில் நடத்தினான். எனக்குத் தெரியாது. தெரியவந்தபோது அவன் சம்பாதித்து முடித்திருந்தான். நான் ஜெயிலுக்குப் போகிற நிலையில் நின்றேன். அவனைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்டவேண்டியதை அப்போதே திட்டியாகிவிட்டது. எனக்காக ஒரு நாள் பிழைப்பை விட்டுவிட்டுச் சேலத்துக்கு வந்த ஒன்பது பேருக்காக எழுதுகிறேன். நல்ல வார்த்தை பேசி எனக்குப் பழக்கமில்லை. எழுதியாவது வைக்கிறேன்.

யுத்த காலம் அது. ராசிபுரத்தில் எங்களுக்கு ஆறு தறி. இரண்டு எங்கள் வீட்டுக்குள்ளேயே ஓடின. மற்ற நான்கும் நான்கு குடும்பங்களின் வீட்டில். நான் நூல் கொடுப்பேன், அவர்கள் கூலிக்கு வேட்டி நெய்து கொடுப்பார்கள், அதை எங்கள் கடையில் விற்பேன். நூலுக்குக் கண்ட்ரோல் வந்துவிட்டது. தறிக்கு இவ்வளவு என்று அட்டை போட்டுச் சர்க்கார் கொடுப்பதுதான் நூல். அட்டை இல்லாதவனுக்கு நூல் இல்லை, நூல் இல்லாதவன் வீட்டில் உலை இல்லை. எங்கள் அட்டையை நம்பி ஐந்து வீட்டு உலை எரிந்துகொண்டிருந்தது.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் கண்ட்ரோல் இன்ஸ்பெக்டர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிறகு, "உங்க தறிகளைப் பாக்கணும்" என்றார்.

உள்ளே இருந்த இரண்டையும் காட்டினேன். மற்ற நான்கும் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன என்று சொன்னேன்.

"அது ஆறு. மத்த நாப்பது எங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "நாப்பதுங்களா? என்ற ஊட்டுல மொத்தம் நாலு மூலைதானுங்க இருக்குது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து காகிதங்களை எடுத்துப் பாய்மேல் பரப்பினார். சேலத்தில் ஒரு நூல் டிப்போவில் என் பெயரில் தனிக் கணக்கு இருந்தது. ராசிபுரத்துக்குக் கிழக்கே, தம்மம்பட்டி போகிற வழியில் உள்ள ஊர்களில் எனக்கு நாற்பது தறி இருப்பதாக விண்ணப்பம். அதன்பேரில் அட்டை. ஏழு மாதத்தில் பதினொரு தடவை நூல் எடுத்ததற்குப் பதினொரு ரசீது. ஒவ்வொன்றிலும் 'நேரில் வந்து பெற்றுக்கொண்டேன்' என்று எழுதியிருந்தது. ஒவ்வொன்றிலும் எங்கள் கடை முத்திரை. ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து.

"இது உங்க கையெழுத்தா இல்லையா?"

புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். என் கையெழுத்தேதான். கள்ளக் கையெழுத்து என்று சொல்ல வழியே இல்லை. கடைசி எழுத்தில் பேனாவை அழுத்தி ஒரு இழுப்பு இழுப்பேன். அந்த இழுப்புக்கூட அப்படியே இருந்தது.

"ஆமாங்க" என்றேன். அப்படிச் சொன்னதற்காகப் பிற்பாடு ஊரெல்லாம் என்னை முட்டாள் என்றார்கள். இருக்கட்டும். என்னுடையதை என்னுடையதல்ல என்று எப்படிச் சொல்வது?

என் மனைவி நாடாவுக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்தைப் பார்க்கவில்லை, காகிதத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது மாரியாத்தா நோம்பிக்கு வெட்டுன காகிதமல்லங்க? இந்தக் கோணலைப் பாருங்க. அருவாமணையில வெட்டாதீங்கன்னு நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டனே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின வருஷம் மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, வரி வசூலிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. யுத்தத்தில் காகிதத்துக்குப் பஞ்சம். ரசீதுப் புத்தகம் அச்சடிக்க வழியில்லை. நான்கைந்து பேர் நான்கு திசைக்கு வசூலுக்குப் போகவேண்டும். ஒவ்வொரு ரசீதிலும் நான் கையெழுத்துப் போட நான் கூடவே போகமுடியாது. அதனால் முழுக் காகிதங்களைப் பாதியாக வெட்டினேன். அடியில் எங்கள் கடை முத்திரையைக் குத்தினேன். வரிசையாகக் கையெழுத்துப் போட்டேன். மேலே வெறுமையாக விட்டேன். வசூலுக்குப் போகிறவன் இன்னார் கொடுத்தது இவ்வளவு என்று எழுதிக் கொடுத்துக்கொள்ளட்டும் என்று கட்டுக் கட்டாகக் கையில் கொடுத்தேன். எங்கள் ஊரில் யாரும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. ஆத்தா காரியத்தில் எவன் ஏமாற்றப் போகிறான்?

நோம்பி முடிந்தபின் மீதிக் காகிதம் ஒரு பெரிய கட்டு இருந்தது. "எங்கிட்டக் குடுங்க மாமா, அடுத்த வருசத்துக்குப் பத்திரமா வெச்சிருக்கறேன்" என்று ஒருவன் வாங்கிக்கொண்டான். எங்கள் கமிட்டியில் இருந்தவன். சேலத்தில் நூல் டிப்போவில் குமாஸ்தா. சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு வருவான். இஸ்திரி போட்ட சட்டை, முத்து முத்தான எழுத்து. எனக்கு அவனைப் பிடிக்கும். மரியாதையாகப் பேசுவான். என் கையாலேயே அந்தக் கட்டை அவன் கையில் வைத்தேன்.

எந்த டிப்போ என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டேன். அவன் வேலை பார்க்கிற அதே டிப்போதான்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "எல்லாரும் இப்படி ஏதாவது ஒண்ணு சொல்லத்தான் சொல்றாங்க. நூலை வாங்கிக் கள்ளமார்க்கெட்ல வித்துட்டு, அப்புறம் வேற யாரோ செஞ்சான்னு சொல்றாங்க. ரெண்டு வாரத்துல சேலத்துல ஆபீசர் முன்னாடி விசாரணை. அங்க வந்து சொல்லுங்க" என்றார். என் உண்மையான அட்டையையும் எடுத்துக்கொண்டார். விசாரணை முடியும்வரை எனக்கு ஒரு சிட்டம் நூல்கூட இல்லை. குற்றம் ருசுவானால் அட்டை அதோடு போனது, மேலே ஜெயில்.

மறுநாள் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சேலத்துக்குப் போய் டிப்போ வாசலில் நின்றேன். அவன் வெளியே வந்தான்.

"வாங்க மாமா" என்றான், ஒன்றும் நடக்காதது மாதிரி.

"என்ற காகிதம் எங்கடா?"

"எந்தக் காகிதமுங்க மாமா?"

சட்டையைப் பிடித்துவிட்டேன். பொத்தான் இரண்டு தெறித்தது. நாலு பேர் வந்து விலக்கினார்கள். அவன் நேராகக் கண்ட்ரோல் ஆபீசுக்குப் போய், 'நூல் வாங்கின ஆசாமி, சாட்சி சொல்லக்கூடாது என்று என்னை மிரட்டினான், அடிக்க வந்தான்' என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அதுவும் என் பைலில் சேர்ந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி, "ஆக, அவன் வெட்டுன குழி பத்தாதுன்னு நீங்களும் போயி ரெண்டு கூடை மண்ணு அள்ளிப் போட்டுட்டு வந்திருக்கறீங்க" என்றாள். 

எட்டாம் நாள் வீட்டுத் தறியில் குறுக்கே ஓடுகிற ஊடை நூல் தீர்ந்தது. கூலிக்கு நெய்கிறவர்கள் நான்கு பேரும் வந்து நின்றார்கள். "வேற எங்காச்சும் போயி நெய்யுங்க" என்றேன். போகவில்லை. "பாத்துக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சல்.

அடுத்த நாள் காலையில் எங்கள் வீட்டு நடையில் நூல் சிட்டங்கள் கிடந்தன. ஒரு வீட்டிலிருந்து ஒன்று, ஒரு வீட்டிலிருந்து இரண்டு. கண்ட்ரோல் காலத்தில் ஒரு சிட்டம் என்பது என்ன என்று இப்போது இருப்பவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. அவனவன் தறிக்கே மாதக் கடைசியில் இழுத்துப் பறித்துக்கொண்டிருந்தான். எதிர்வீட்டுப் பெண்பிள்ளை ஒரு கூடையை முந்தானையால் மூடிக்கொண்டு வந்து என் மனைவியிடம் கொடுத்தாள்.

"அம்மிணி, இதுல மூணு இருக்குது. எங்க ஊட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிஞ்சா ஆடித் தீத்துருவாரு."

எதிர்வீட்டுக்காரர் எனக்கு மச்சான் முறை. என் மனைவியின் பெரியப்பா மகன். அவரும் நானும் ஏழு வருஷமாகச் சண்டையில் மட்டும்தான் பேசிக்கொள்வோம். அந்த மூன்று சிட்டத்தையும் எண்ணிக் கூடையில் போட்டுக் கொடுத்தனுப்பியவரே அவர்தான் என்று எனக்கு வெகுநாள் கழித்துத் தெரிந்தது. 'என்ற பேரைச் சொன்னீன்னா உன்னைத் தொலைச்சுப் போடுவேன்' என்றாராம் அந்த அம்மாளிடம்.

சண்டை எதற்கு என்று சொல்லவேண்டும். பாவடிக்குத்தான். பாவடி என்பது தெருவுக்குப் பின்னால் எல்லாருக்கும் பொதுவான நீளமான வெற்று நிலம். தறியில் நெடுக ஓடுகிற பாவு நூலை விடியற்காலையில் அங்கே நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, பிரஷால் இழுத்து இழுத்து ஆற்றி, வெயில் ஏறுமுன், எட்டரை ஒன்பது மணி வாக்கில், சுருட்டி எடுக்கவேண்டும். மூன்று வரிசைக்குத்தான் இடம். அதனால் வீட்டுக்கு ஒரு முறை வைத்திருந்தோம். வியாழக்கிழமை நடு வரிசை எனக்கு. வடக்கு வரிசை மச்சானுக்கு. பாவு களத்தில் இருக்கும்போது வீட்டுக்காரன் அதை விட்டு அசையக்கூடாது. இழை அறுந்தால் அவன்தான் பார்த்து முடியவேண்டும். கஞ்சி காய்ந்துவிட்டால் அந்தப் பாவே பாழ். தாய் செத்தாள் என்று ஆள் வந்தாலும் சுருட்டி முடித்துவிட்டுத்தான் போவார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வதுண்டு.

மச்சான் தன் பாவைத் தாங்குகிற கவைக்கோலை என் வரிசைக்குள் நகர்த்தி ஊன்றுவார். நான் கத்துவேன். அவரும் கத்துவார். வாரா வாரம் இது நடக்கும்.

அப்படி இருக்கையில், விசாரணைக்கு மூன்று நாள் முன்பு பாவடியில் முறை பார்க்கிறவர் என் வீட்டுக்கு வந்தார். யார் என்றைக்குக் களத்தில் நிற்பது என்று ஒழுங்கு செய்கிறவர் அவர். எல்லாரிடமும் ஏச்சு வாங்குகிற வேலை. என்னிடம் அதிகம் வாங்கியவர். எப்போதும் வெற்றிலையை அடக்கிக்கொண்டு மெதுவாகப் பேசுவார்.

"இன்ஸ்பெக்டரு தேதியெல்லாம் குறிச்சுக் குடுத்தாருன்னு சொன்னாங்களே. அதைக் கொஞ்சம் காட்டுங்க சாமி."

இன்ஸ்பெக்டர் கொடுத்துவிட்டுப் போன குற்றப் பத்திரிகையில் பதினொரு தேதியும் இருந்தன. கொடுத்தேன். மடியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகியிருக்கும். எனக்குப் பொறுமை போய், "என்ன, எனக்கு ஜாதகம் பாக்கறீங்களா?" என்றேன்.

"அத்தனையும் வியாழக்கெழமையுங்க" என்றார்.

டிப்போவில் வியாழக்கிழமை காலை பத்து மணி வரைக்கும்தான் வெளியூர்க்காரர்களுக்கு நூல். குமாஸ்தா அவன் டிப்போ நாளைப் பார்த்து எழுதியிருக்கிறான். அவன் ஊர்க்காரன்தான், ஆனால் அவன் வீட்டில் தறி இல்லை. களத்தில் நின்று கஞ்சி போட்டவன் இல்லை. வியாழக்கிழமை என் முறை என்பது அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"தெரிஞ்சு என்ன பண்றது? நான் களத்துலதான் இருந்தேன்னு நான் சொன்னா ஆபீசர் நம்பிருவாரா?"

அவர் எழுந்து துண்டைத் தட்டித் தோளில் போட்டார். "நீங்க சொல்லவேண்டாமுங்க. நோட்டு சொல்லும்."

நோட்டு என்றதும் என் முகம் சுருங்கிப் போயிருக்கும். அந்த நோட்டு என்னால் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன், என் முறையில் வேறு எவனோ பாவு நீட்டிவிட்டான் என்று அவரைப் பஞ்சாயத்தில் இழுத்து நிறுத்தினேன். அன்று அவர் காசு போட்டு ஒரு நோட்டு வாங்கினார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் பாவு சுருட்டும் நேரத்தில் அதை என்னிடம் நீட்டுவார். 'இன்று என் முறை எனக்குக் கிடைத்தது, குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். கீழே மச்சான் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். மற்ற நாட்களுக்கு நோட்டு கிடையாது. ஊரில் எவனுக்கும் கிடையாது. எனக்கு மட்டும்.

சேலத்துக்குப் போகிற அன்று காலையில் பஸ்ஸடிக்குப் போனால் அங்கே ஒன்பது பேர் நின்றார்கள். முறை பார்க்கிறவர், மச்சான், மூன்றாவது வரிசையில் பாவு நீட்டுகிற அண்ணன் தம்பி இருவர், வியாழக்கிழமைகளில் எனக்குக் கை கொடுக்க வருகிற ஐந்து பேர். நான் யாரையும் கூப்பிடவில்லை. ஒன்பது தறி அன்று நின்றது. சாப்பாட்டுப் பொட்டலம்கூட அவரவரே கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

மச்சானைப் பார்த்ததும், "நீங்க எங்கீங்க?" என்றேன்.

"ஏன், சேலம் உன்ற பாட்டன் சொத்தா?" என்றார்.

பெட்ரோல் இல்லாத காலம். கரியைப் போட்டு ஓட்டுகிற பஸ். மேடு வந்தால் இறங்கித் தள்ளவேண்டும். வழியில் இரண்டு தடவை இறங்கினோம். நானும் மச்சானும் பக்கத்தில் பக்கத்தில் தோள் கொடுத்துத் தள்ளினோம். அவர் மூச்சிரைத்துக்கொண்டே, "உன்ற பேர்ல நாப்பது தறி இருக்குது, ஒரு காரு வாங்கக்கூடாதா மாப்ளே?" என்றார். தள்ளிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்ததில் பஸ் பின்னால் ஒரு அடி நகர்ந்தது. கண்டக்டர் கத்தினான்.

ஆபீசர் ஒல்லியான மனிதர். தஞ்சாவூர்ப் பக்கம் என்று நினைக்கிறேன். கண்ட்ரோல் ஆபீஸ் என்றால் எனக்கு அடிவயிற்றிலிருந்து வெறுப்பு. ஆனால் அந்த மனிதரைப் பற்றி ஒரு சொல் குறைத்துச் சொல்லமாட்டேன். கையெழுத்து என்னுடையது, முத்திரை என்னுடையது, நானே ஒப்புக்கொண்டேன். இரண்டு வரி எழுதி என்னை ஜெயிலுக்கு அனுப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

முதலில் குமாஸ்தாவைக் கேட்டார். டிப்போ சார்பில் அவன்தான் வந்திருந்தான். புதுச் சட்டை.

"பதினோரு தடவையும் இவர் நேர்ல வந்தாரா?"

"வந்தார் சார். என் கையாலதான் கொடுத்தேன்."

"காலைல எத்தனை மணிக்கு?"

"எட்டரை, ஒம்பது இருக்கும் சார். எப்பவும் சீக்கிரமே வந்துடுவார்."

ஆபீசர் அதை எழுதச் சொன்னார். படித்துக் காட்டி அவனிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார். முறை பார்க்கிறவர் முன்னால் போய் நோட்டை மேஜைமேல் வைத்தார். அது எதற்காக வந்த நோட்டு என்றும் சுருக்கமாகச் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

ஆபீசர் முதல் ரசீதின் தேதியைப் பார்த்தார். நோட்டில் அதே தேதியைத் தேடி எடுத்தார். உரக்கப் படித்தார்:

"'இன்று என் முறை கிடைத்தது. குறை உண்டு. மச்சான் அரை முழம் உள்ளே வந்தார். கேட்டதற்குப் பல்லைக் காட்டினார்.'"

பின்னால் யாரோ களுக்கென்றார்கள். அடுத்த ரசீது. அடுத்த பக்கம்.

"'முறை கிடைத்தது. கஞ்சியை என் பாவுமேல் தெறிக்கவிட்டார். வேணும் என்றே.'"

அடுத்தது.

"'முறை கிடைத்தது. இன்று உள்ளே வரவில்லை. ஆனால் வரப் பார்த்தார்.'"

அங்கே இருந்த சேவகன்கூடச் சிரித்துவிட்டான். எனக்குக் காது சுட்டது. பதினொரு பக்கத்தையும் படித்தார். குறை இல்லை என்று நான் ஒரு தடவைகூட எழுதவில்லை. ஒவ்வொன்றின் கீழும் அதே கடைசி இழுப்போடு என் கையெழுத்து. அதற்குக் கீழே மச்சானுடையது.

"அரை முழத்துக்கா இவ்வளவு சண்டை?" என்றார் ஆபீசர்.

"அரை முழமில்லீங்க. முக்கா முழம். நான்தான் கொறச்சு எழுதுனேன்" என்றேன். வாயை அடக்கியிருக்கலாம். வரவில்லை.

மச்சானைக் கூப்பிட்டார். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"உங்களுக்கும் இவருக்கும் ஆகாதோ?"

"ஏழு வருசமா ஆகாதுங்க."

"அப்புறம் ஏன்யா இவருக்காகச் சாட்சி சொல்ல வந்தீர்?"

மச்சான் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "இவருக்காக வரலீங்க சாமி. நடந்ததைச் சொல்ல வந்தேனுங்க. விடியக் கருக்கல்ல இருந்து பாவு சுருட்டற வரைக்கும் இந்த ஆளு எனக்கு நாலு முழம் தள்ளி நின்னு என்னை வையறாரு. வியாழக்கெழமை காத்தால இவரு சேலத்துல நூலு வாங்கிட்டு இருந்தாருன்னா, அங்க என்னை வஞ்சது யாருங்க? பேயிங்களா?"

ஆபீசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்குவதற்காகத் துடைத்தார் என்று மச்சான் பிற்பாடு சொல்லுவார். மற்ற ஏழு பேரையும் தனித் தனியாகக் கேட்டார். யாரும் ஒரு சொல் மிகையாகச் சொல்லவில்லை. என்னை நல்லவன் என்றுகூட ஒருத்தரும் சொல்லவில்லை. வாய் கெட்ட ஆள், முன்கோபி, வியாழக்கிழமை களத்தில் இருந்தார். அவ்வளவுதான் சொன்னார்கள். நல்லவன் என்று சொல்லியிருந்தால் ஆபீசர் நம்பியிருக்கமாட்டார்.

பிறகு அவர் குமாஸ்தாவைப் பார்த்தார். "எட்டரை, ஒம்பதுன்னு சொன்னாய் இல்லையா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அவன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டதைப் பார்த்தேன். அன்றே அவன் தங்கியிருந்த அறையைச் சோதனை போட ஆள் போயிற்று. டிரங்குப் பெட்டியில், வேட்டிக்கு அடியில், கோணலாக வெட்டின வெற்றுக் காகிதம் முத்திரையோடும் கையெழுத்தோடும் இன்னும் ஒரு கத்தை இருந்தது. அவனுக்குத் தண்டனை கிடைத்தது. அவனை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். மன்னிக்கவில்லை. ஆத்தா பெயரைச் சொல்லி வாங்கிக்கொண்டு போனான். நாற்பது தறிக்கு உண்டான நூலை, நெய்கிறவன் வயிற்றிலிருந்து எடுத்து விற்றான். ஆனால் அவனை நினைக்கிற நேரம் குறைந்துவிட்டது. மற்ற ஒன்பது பேரை நினைக்கவே நேரம் போதவில்லை.

அட்டை திரும்பி வர மேலும் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதுவரை நடையில் சிட்டம் விழுவது நிற்கவில்லை. அட்டையைக் கையில் வாங்கிய அன்று திங்கட்கிழமை. ராசிபுரம் டிப்போவிலிருந்து நூல் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினேன். நான்கு வீட்டுக்கும் பிரித்தேன். வீட்டுத் தறிக்கு உட்காரப் போனேன்.

என் மனைவி மறித்துக்கொண்டு நின்றாள்.

"மொதல்ல போயி ஒம்பது ஊட்டுலயும் வாயைத் தொறந்து சொல்லிட்டு வாங்க."

"என்னத்தைச் சொல்றது? அவங்களுக்குத் தெரியாதா?"

"வையறதுக்கு மட்டும் வாயி வருதல்ல? அதே வாயில சொல்லுங்க."

எதிர்வீட்டுக்குத்தான் முதலில் போனேன். மற்றது எல்லாம் சுலபம் என்று எண்ணினேன். மச்சான் தறிக்குழியில் காலை விட்டு நெய்துகொண்டிருந்தார். நாடா இழைகளுக்கு நடுவே போய் வந்துகொண்டிருந்தது. நிறுத்தவில்லை.

"மச்சான்."

"ம்."

"சேலத்துக்கு வந்தீங்களே."

"ஆமா, வந்தேன். அதுக்கென்ன, பஸ் காசு குடுக்க வந்தியா?"

"நல்லா இருப்பீங்க."

"என்னது? தறிச் சத்தத்துல கேக்கலை."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நல்லா இருப்பீங்கன்னு சொன்னேன்!" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள், மறுபடி சண்டை என்று.

மச்சான் நாடாவை நிறுத்தினார். நிமிர்ந்து பார்த்தார். "ஏன் மாப்ளே, வாழ்த்தறதையும் வையற மாதிரியேதான் வாழ்த்துவியா?"

"எனக்கு வேற மாதிரி வராதுங்க மச்சான். நீங்க வரலைன்னா என்ற அஞ்சு ஊட்டு அடுப்பும் அணைஞ்சிருக்கும். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் குழியிலிருந்து காலை எடுத்தார். உள்ளே பார்த்து, "ஏய், மாப்ளைக்கு மோரு கொண்டா" என்றார். பிறகு என்னிடம், "குடிச்சுட்டுப் போ. மீதி எட்டு ஊட்டுலயும் கத்தோணுமல்ல, தொண்டை வேணும்" என்றார்.

குடித்தேன். போனேன். முறை பார்க்கிறவர் வீட்டில் சொல்லும்போது அவர் கைகூப்பிவிட்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் கூப்பினேன். அண்ணன் வீட்டிலும், பக்கத்துத் தம்பி வீட்டிலும் ஒரே மாதிரி, "அட விடுங்க" என்றார்கள். ஒரு வீட்டில் ஆள் இல்லை. கிணற்றடி வரை தேடிக்கொண்டு போய்ச் சொன்னேன். ஏழாவது, எட்டாவது வீட்டில் கத்தாமலே சொல்ல வந்தது. ஒன்பதாவது வீட்டில், சொல்ல நினைத்ததை முழுதாகச் சொன்னேன்.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தெரு முனையிலிருந்து தறிச் சத்தத்தை எண்ணிக்கொண்டே வந்தேன். கூலிக்கு நெய்கிறவர்கள் வீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எங்கள் வீட்டில் ஒரு தறியில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். இன்னொன்று எனக்காகக் காலியாக இருந்தது. குழிக்குள் காலை இறக்கினேன்.